டேங்க்கோடு ஒரு படம்

தையல்காரர் வீட்டு மொட்டை மாடியில், காற்றுக்கு ஆடாமல் ட்ரைபாட் காலை மகள் அழுத்திப் பிடித்திருந்தாள். அப்பா கேமராவில் கண்ணை வைத்திருந்தார். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அன்றைக்கு அது தெரியாது.

எதிரே கல்திருப்பி. கடற்கரைப் பறவை. கடல் இங்கிருந்து ஓர் இரவு ரயில் தூரம். எப்படியோ வழி தப்பி வந்து, தண்ணீர் டேங்க் ஒழுகித் தேங்கிய இடத்தில், எதையோ தொலைத்ததுபோல ஓட்டுச் சில்லுகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.

அப்பா ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். விரல் பட்டனைத் தொட்டதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க!"

பறவை விருட்டென்று எழும்பியது.

"அப்பா, அது பேஷன்ட் இல்லப்பா!"

"பழக்கம்மா. வாய் சொன்னாதான் விரல் அமுக்குது."

"நல்லவேளை சார், சட்டையைக் கழட்டச் சொல்லல" என்றார் படிக்கட்டில் நின்ற தையல்காரர்.

வீட்டு ஆல்பம் மகளுக்கு நினைவு வந்தது. அதில் எல்லோரும் நெஞ்சை விரித்து, கன்னம் உப்பி நிற்பார்கள். அம்மா சிரிக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது.

பறவை திரும்பி வந்தது. இம்முறை அப்பா உதட்டை மட்டும் அசைத்தார். மகள் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்தாள். ஆரஞ்சுக் கால், புரளும் சில்லு, எல்லாம் துல்லியமாக விழுந்தன.

"எனக்கும் ஒண்ணு வேணும் சார். என் டேங்க்கும் தெரியணும். இந்தப் பறவைக்காகத்தானே குழாயை ரிப்பேர் பண்ணாம விட்டு வச்சிருக்கேன்!" என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் கீழே இறங்கினார்.

டேங்க் பதிந்திருந்தது, பறவை எழும்பியபோது எடுத்த முதல் படத்தில் மட்டும். அதில் பறவை வெறும் சாம்பல் தீற்றல்.

"இதையே குடுத்துடலாமேப்பா."

"அசைஞ்ச படத்தை யார் கையிலயும் குடுக்கக் கூடாது. நாளைக்கு வந்து எடுத்துத் தரேன்னு சொல்லிடு."

அன்று மாலையே நெஞ்சு வலி. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

மாடியில் விட்டுப்போன ட்ரைபாடை எடுக்க மகள் போனபோது, தையல்காரர் படத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கூடவே மாடி ஏறினார்.

"பறவை போயிடுச்சும்மா. குழாயை இன்னும் சரி பண்ணல. மனசு வரல."

சில்லுகள் புரண்டபடியே கிடந்தன. டேங்க் சொட்டிக்கொண்டிருந்தது. தையல்காரருக்கு ஒரு படம் எடுத்துத் தர வேண்டும்.