பெங்களூர் என்று சொல்லிவைத்த ஊர்

என் மகள் லண்டன் பக்கத்தில் இருக்கிறாள். தலைப்பிரசவம். அம்மா கூட இருக்க வேண்டும் என்று போனில் அழுதாள். போவதற்கு விசா வேண்டும். அதற்காக ஆம்பூர் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருந்த மத்தியானத்தைத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அவசரம் இல்லை.

என்னோடு என் மகனும், மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார்கள். சம்பந்தியும் நானும் ஒன்றாகப் போவதாக ஏற்பாடு. அவர்களுடைய விசா பாரத்தை முடித்துவிட்டுக் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பாஸ்போர்ட் குடு ஆயா."

"பேரப்புள்ள இன்னும் பொறக்கல. பொறந்தப்புறம் ஆயான்னு கூப்புடு."

சம்பந்தி சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே தட்டினார். பேர், ஊர், செத்துப்போன வீட்டுக்காரர் பேர். பிறகு கேட்டார்.

"பத்து வருஷத்துல வேற நாட்டுக்கு எங்கியாச்சும் போயிக்கிறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன், "இல்லண்ணா" என்றான்.

போயிருந்தேன். நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தவள். வீட்டுக்காரர் தவறி வருஷம் திரும்பவில்லை, எத்தியோப்பியாவில் புதிதாக ஒரு ஷூ கம்பெனி தொடங்கி, அங்கே பெண்களுக்குத் தைக்கக் கற்றுக்கொடுக்க ஆள் கேட்டார்கள். எங்கள் கம்பெனியிலிருந்து என்னை அனுப்பினார்கள். அவர்கள் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவர்களுக்கு வராது. கையைப் பிடித்துக் காட்டியே பதினோரு மாதம் ஓட்டினேன். நான் கிளம்பும்போது அந்தப் பெண்கள் காபிக்கொட்டையை என் முன்னாலேயே வறுத்து, இடித்து, காய்ச்சிக் கொடுத்தார்கள்.

புருஷன் செத்த கையோடு ஒரு பொம்பளையைத் தனியாகக் கடல் தாண்டி அனுப்பினால் சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்று என் அண்ணனுக்குப் பயம். பெங்களூரில் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது இந்தச் சம்பந்தி வீட்டிலும் அதையேதான் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பார்த்த வேலையைப் பார்க்கவேயில்லை என்று ஆக்கிவிட்டார்.

கடைக்காரர் என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "பழைய பாஸ்போர்ட் நம்பர் போட்டுக்கீது. அது எங்க?"

"தொலஞ்சிடுச்சி," என்றான் மகன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். இனி செல்லாது என்று மூலை வெட்டிக் கொடுத்த அந்தப் பாஸ்போர்ட் என் மடியில் பைக்குள் இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

"டீ சொல்லிட்டு வர்றோம்," என்று என்னை வாசலுக்கு இழுத்துவந்தான். கைவண்டிக்காரர் ஒருவர் வழி கேட்டுக் கத்தினார். நகர்ந்து நின்றோம்.

"ம்மா, அந்தம்மா எதிர்ல வாணாம். பொய் சொல்லிப் பொண்ணு குடுத்தீங்கன்னு பேஜார் பண்ணுவாங்க. அதுவும் வேலைக்குப் போனவங்கன்னு தெரிஞ்சா விசா குடுக்க மாட்டாங்கோ."

"மறச்சது தெரிஞ்சா குடுப்பாங்களா?"

"யாருக்கும்மா தெரியப்போவுது?"

"அத்தினி முத்திர குத்தி அனுப்பிக்கிறான். தெரியாதாடா?"

"போயிட்டு வந்தப்புறம் எல்லாம் சொல்லிக்கலாம். இப்ப தகராறு ஆனா அக்காகூட யாரு இருப்பா?"

உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

கடைக்காரர் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். "இதுல சொன்னதெல்லாம் உண்மைன்னு ஒரு கட்டம் கீது. டிக் போட்டுடவா?"

"இரு. மொதல்ல இருந்து படி. தமிழ்ல சொல்லு."

"எல்லாம் சரியா கீதும்மா."

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனாலதான் கேக்கிறேன்."

படித்தார். மகன் கண்ணாலேயே கெஞ்சினான். 'வேறு நாடுகளுக்குப் பயணம், இல்லை' என்று அவர் சொன்னதும் பையைத் திறந்து பழைய பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தேன்.

"எத்தியோப்பியான்னு போடு. வேலைக்குப் போனேன்னு போடு. போன தேதி, வந்த தேதி எல்லாம் இதுல இருக்குது."

கடைக்காரர் அதை எடுத்துப் பிரித்தார்.

"பெங்களூர்னு சொன்னாங்களே?" என்றார்கள் சம்பந்தி.

"சொன்னது எங்கண்ணன். போனது நானு."

அவர்கள் எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் போட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாக முதுகு மட்டும் தெரிந்தது. கடைக்காரர் ஒவ்வொரு தேதியாகப் பார்த்துத் தட்டினார். மாப்பிள்ளைக்குத்தான் போன் போகிறது, அங்கே என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேச்சு வாங்குவாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

சம்பந்தி திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"பொய் பொய்தான். உங்க அண்ணன நான் வந்து கேக்காம விடமாட்டேன்," என்றார்கள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "ஏரோப்பிளேன்ல கக்கூஸ் கதவு எப்படித் தொறக்கிறது?"

"நடுவுல தள்ளணும். மடங்கிக்கும்."

"இத்தன நாளா ராத்திரி தூக்கமில்ல எனக்கு. ரெண்டுமே ஒண்ணும் தெரியாததுங்களா போவுதேன்னு."

கட்டத்தில் டிக் போடச் சொன்னேன்.

சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தோம். சம்பந்தியின் விசா முதலில் வந்தது. என்னுடையது வரவில்லை. மகன் என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பிட உட்காரும்போது, "அக்காவுக்கு நாள் நெருங்குது" என்று மட்டும் சொல்லுவான். எனக்குச் சோறு இறங்காது. கூரியர்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்திருப்பேன், வேறு வீட்டுக்குப் போய்விடும்.

ஒருநாள் எங்கள் வீட்டில் நின்றது. மகன்தான் கவரைக் கிழித்தான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, நின்று, பாஸ்போர்ட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினான். என் போட்டோ ஒட்டிய விசா. அதை என் கையில் வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டான்.

சாயங்காலம் சம்பந்தி போன் செய்தார்கள். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றுமா என்று கேட்டார்கள். ஜாஸ்தி சுற்றும் என்று சொல்லி, அந்தச் சீட்டை எனக்கே போடச் சொல்லிவிட்டேன்.