ஜெயமேரி டீச்சரின் பத்தாவது கேள்வி

“அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?” என்று கேட்டபடி, பஸ்ஸைத் தவறவிட்டு மூச்சு வாங்க நிற்கும் ஒரு மனிதரை ஜெயமேரி டீச்சர் வழிமறிக்கிறார். கையில் நோட்டு, காதில் செருகிய பேனா. மனிதர் எரிந்து விழுகிறார்.

“பஸ்ஸைப் பிடிச்சிருப்பேன். வேறென்ன?”

“பிடிச்சிருந்தா?”

“பழனிக்குப் போயிருப்பேன்.”

“போயிருந்தா?”

“எம் மச்சினன சட்டையப் பிடிச்சிருப்பேன்.”

டீச்சரின் முகம் மலர்ந்துவிடுகிறது. “ரொம்ப நல்லா இருக்கு. உங்க பேரைப் போட்டுக்கலாமா?” என்கிறார்.

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் என் ஜெராக்ஸ் கடை. மாடியில் டீச்சரின் ஆங்கில வகுப்பு. மாணவர்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள் அல்லது எடுக்கப் போகிறவர்கள். பாடத்தாள் எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் மாடிக்கு ஏற வேண்டும். ஆகவே டீச்சர் என்ன நடத்துகிறார் என்பது மாணவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

அவர் எல்லாப் பாடமும் நடத்துவார். ஆனால் மனம் வைத்து நடத்துவது ஒரே ஒரு பாடம்: நடக்காமல் போன பழைய சங்கதியை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி. முதல் துண்டில் ‘இஃப்’ போட்டு ஒரு ‘ஹேட்’, இரண்டாம் துண்டில் ஒரு ‘வுட் ஹேவ்’. “ரெண்டு பெட்டி ரயிலுன்னு வச்சுக்கங்க. முன்பெட்டி ஓடலை, அதனால பின்பெட்டியும் ஓடலை. ரெண்டையும் கோத்துச் சொன்னா கேக்குறவங்களுக்குப் பெருமூச்சு வரணும். வரலையா, எங்கயோ ஒரு ‘ஹேட்’ விட்டுப்போச்சுன்னு அர்த்தம்” என்று அவர் சொல்வது மாடிப்படி இறங்கி என் கடைவரை கேட்கும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் தக்காளி வியாபாரி சோலைமுத்து ஒருமுறை எதிர்த்துப் பார்த்தார். “ஏனுங்க டீச்சர், நம்ம தமிழ்ல ‘இருந்திருந்தா இருந்திருக்கும்’னா முடிஞ்சு போச்சுங்க. அதுக்கு எதுக்குங்க இத்தன ஆர்ப்பாட்டம்?”

“அதேதாங்க இதுவும். நீங்க தக்காளியச் சொல்லுங்க.”

லாரி நேரத்துக்குக் கிளம்பியிருந்தால், டிரைவர் நடுவழியில் தூங்காமல் இருந்திருந்தால், கேரளாவில் அன்றைக்கு ஹர்த்தால் நடக்காமல் இருந்திருந்தால் என்று சோலைமுத்து ஆரம்பித்தார். மொத்தம் பதினேழு வாக்கியம். அன்று வகுப்பு விடும்போது அவர் முகம் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் முகம்போல் இருந்தது.

கடையில் விற்கும் இலக்கணப் புத்தகங்கள் டீச்சருக்கு ஆகாது. “அதுல ஜான்னு ஒருத்தன் குடை கொண்டு போயிருந்தா நனைஞ்சிருக்க மாட்டானாம். நம்ம ஊர்ல எவண்ணே குடையில்லாம அழுதான்? மழை பெஞ்சிருந்தா குடை வாங்கியிருப்பேன்னு வேணா சொல்லுவான்.” அதனால் ஊரில் நடக்காமல் போனதையெல்லாம் அவரே திரட்டுகிறார். டீக்கடை, ரேஷன் வரிசை, சர்ச் வாசல், எங்கே போனாலும் நோட்டு கூடவே போகும். துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனால் மட்டும் வீட்டுக்காரர் பெலிக்ஸ் பக்கத்திலேயே நின்று டீச்சரின் காலை மிதித்துக்கொண்டிருப்பார். கால் எடுத்தால் நோட்டு வெளியே வந்துவிடும்.

நானும் தப்பவில்லை. ஒரு நாள் மெஷினிலிருந்து வந்த தாளில், ‘முத்துச்சாமி அண்ணன் பரீட்சை அன்று அலாரம் வைத்திருந்தால், இந்நேரம் தாசில்தார் ஆகியிருப்பார்’ என்று இருந்தது. என் கையாலேயே பன்னிரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். கோபம்தான். ஆனாலும் பதின்மூன்றாவதாக ஒன்று எடுத்து மேசைக்குள் வைத்துக்கொண்டேன். தாசில்தார் என்று அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பெலிக்ஸ் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். வாரா வாரம் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, மாடியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவார். “இந்த வாரம் என்னையப் பத்தி ஏதும் வந்துச்சாண்ணே?”

வரவில்லை என்பேன். பெருமூச்சு விடுவார். நிம்மதியா வருத்தமா என்று அவருக்கே தெரியாது.

காரணத்தை அவரே ஒரு நாள் சொன்னார். கல்யாணமான முதல் வருஷம், பத்தொன்பது வருஷத்துக்கு முந்தி, மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூட வேலைக்கு டீச்சருக்கு நேர்காணல் வந்தது. திருவனந்தபுரம் போக வேண்டும். துணைக்குப் பெலிக்ஸ். திண்டுக்கல்லில் ஏறி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, கொடைரோட்டில் வண்டி நின்றது, பிளாட்பாரத்தில் பருப்பு வடை வாசம் வந்தது, பெலிக்ஸ் இறங்கிவிட்டார். வடை கைக்கு வந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. டீச்சர் வண்டியில். பெலிக்ஸ் பிளாட்பாரத்தில். சர்டிபிகேட் பை பெலிக்ஸின் தோளில்.

“மதுரையில இறங்கித் திரும்பி வந்தாண்ணே. ஒரு வார்த்தை திட்டலை. ‘வடை ஆறிப்போச்சா’ன்னு மட்டும் கேட்டா. அம்புட்டுத்தான். ஊர்ல உள்ளவன் மச்சினன் சண்டையெல்லாம் எழுதுறா, இதை மட்டும் எழுதலை. உள்ளுக்குள்ள என்ன வச்சிருக்கான்னு தெரியலையே.”

பத்தொன்பது வருஷமாக ஒரு மனிதர் இப்படிப் பயந்துகொண்டே சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறார். சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

பிறகு அந்தத் தாள் வந்தது. பேகம்பூரில் தையல் கடை வைத்திருக்கும் மஹ்ஜபீன்தான் வகுப்பில் கிளப்பிவிட்டாராம். “எல்லாரு கதையும் வருது மிஸ், உங்க கதை மட்டும் ஒண்ணுகூட வரலையே.” டீச்சர் சாக்பீஸை உருட்டிக்கொண்டே மாலத்தீவு வேலை கைநழுவிய கதையைச் சுருக்கமாகச் சொன்னாராம். மறுநாள் பரீட்சைத்தாள் என் கைக்கு வந்தபோது ஒன்பது கேள்வி ஊர்க்கதை. பத்தாவது, கோடிட்ட இடத்தை நிரப்புக: ‘பெலிக்ஸ் கொடைரோட்டில் இறங்காமல் இருந்திருந்தால், ஜெயமேரி ________.’

முதல் பிரதியைக் கோணலாக எடுத்துவிட்டேன்.

விடைத்தாள்கள் இரண்டு நாளில் திருத்தி முடிந்து, உறையில் போட்டு என் கடையில் வைக்கப்பட்டன. மாணவர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். பத்தாவது கேள்வியை எப்படியோ கேள்விப்பட்டு, அவர்களுக்கு முன்னால் பெலிக்ஸ் வந்துவிட்டார். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கும் ஒரு தர்மம் உண்டு, அடுத்தவர் தாளைக் காட்டக்கூடாது. உறையை மேசையில் வைத்துவிட்டு நான் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பெலிக்ஸுக்கு ஆங்கிலம் வராது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. திரும்பி, நானே வாசித்துப் பொருள் சொன்னேன்.

‘ஜெயமேரி கப்பல் வாங்கியிருப்பார்.’ இது சோலைமுத்து. ‘ஜெயமேரி இன்னும் ஒல்லியாக இருந்திருப்பார்.’ இது மஹ்ஜபீன். ‘தினமும் மீன் தின்று அலுத்திருப்பார்.’ ‘எங்களுக்கு ஆங்கிலம் வந்திருக்காது.’ ‘வேறொருவரைப் பார்த்திருப்பார்.’ இதை எழுதியவர் பெயரைப் பெலிக்ஸ் மூன்று முறை கேட்டார், நான் சொல்லவில்லை.

பன்னிரண்டு விடைக்கும் சிவப்பு மையில் பெரிய சரி போட்டிருந்தது.

பெலிக்ஸ் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “எல்லாத்துக்கும் ரைட்டு போட்டிருக்காளே. அப்ப எல்லாமே உண்மையாண்ணே?”

“அது வாக்கியத்துக்குப் போட்ட ரைட்டுய்யா. சங்கதிக்கு இல்லை.”

“கப்பலுக்குமா?”

“கப்பலுக்கும்தான்.”

அவர் நம்பவில்லை. அன்று மதியம் சோற்றையும் வெஞ்சனத்தையும் தொடவில்லை என்று டீச்சரே வந்து சொன்னார், காரணம் தெரியாததுபோல. நான் நேராகவே கேட்டுவிட்டேன். “டீச்சர், அந்தப் பத்தாவது கேள்விக்கு நீங்க என்ன எழுதுவீங்க?”

“கேள்வித்தாள் எடுத்தவங்க பரீட்சை எழுதக்கூடாதுண்ணே” என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார்.

போன மாதம் மதுரைப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து அவருக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. வாரத்தில் இரண்டு நாள் போய், ஆசிரியர்களுக்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை. சர்டிபிகேட் எல்லாம் அசலாகக் கொண்டுவர வேண்டும் என்று போட்டிருந்தது. பெலிக்ஸுக்கு வேர்த்துவிட்டது.

“பஸ்லயே போயிருவோம் மேரி. நடுவுல எங்கயும் இறங்க வேணாம்.”

“ரயில்லதான் போறோம். நீங்களும்தான் வாரீங்க” என்றார் டீச்சர்.

எனக்கும் மெஷினுக்கு டிரம் வாங்க மதுரை போக வேண்டியிருந்தது. கூடவே கிளம்பினேன். எனக்கு டிரம் அவ்வளவு அவசரமில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஜன்னலோரம் டீச்சர், பக்கத்தில் பெலிக்ஸ், எதிரில் நான். சர்டிபிகேட் பை பெலிக்ஸின் கழுத்தில் மாலைபோல் கிடந்தது. பையின் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். வழியில் எதற்கும் இறங்கிவிடக்கூடாது என்று விடிந்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். கொடைரோட்டுக்கு முந்தின ஸ்டேஷன் அம்பாத்துரை தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் பக்கத்தில் இருந்த ஒரு பூ வியாபாரியிடம், பனி பெய்யாமல் இருந்திருந்தால் மல்லிகை எவ்வளவு பூத்திருக்கும் என்று விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார்.

கொடைரோட்டில் வண்டி நின்றது. வடை வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பெலிக்ஸின் மூக்கு மட்டும் அசைந்தது. கண் திறக்கவில்லை.

டீச்சர் நோட்டை மூடினார். பெலிக்ஸின் கையிலிருந்து வாரை ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று பிரித்தெடுத்தார். பையை அவர் தலைவழியே கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பெலிக்ஸ் விழித்துப் பார்த்தபோது டீச்சர் முகவாயால் பிளாட்பாரத்து வடைக்காரரைக் காட்டி இரண்டு விரலை நீட்டினார். அப்புறம் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்றாவது விரலையும் நீட்டினார்.