தங்கை சேராத புகுமுக வகுப்பு

இண்டர் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதையை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். பள்ளி இறுதித் தேர்வுக்குப் பிறகு கல்லூரியில் இரண்டு வருடம் படிக்கும் இண்டர்மீடியட் அது. பி.ஏ.வுக்குப் போகாமல் அதோடு நிறுத்திக்கொண்டாலும் ஒருவர் படித்தவர்தான். வேலைக்கு மனுப் போடலாம். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் அச்சடிக்கலாம். தேறாதவர்கள்கூட 'இண்டர் வரைக்கும்' என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் சில காலம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கருப்பட்டி, புளி, மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்தார். கீழே கடை, மேலே வீடு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் என்னையும் தங்கையையும் இண்டர் வரை படிக்கவைப்பது என்று எங்கள் சின்ன வயதிலேயே முடிவு செய்திருந்தார். பெண்பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவது எங்கள் உறவில் யாரும் செய்யாத காரியம். மாமாக்கள் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். "ரெண்டு வருசம்தான, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும்" என்று அப்பா அவர்கள் வாயை அடைத்துவிடுவார்.

நான் இண்டர் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். மற்ற பாடங்களெல்லாம் தேறிவிட்டன. ஆங்கிலம் மட்டும் நின்றது. இரண்டாவது முறை தோற்ற அதே வருடம் தங்கை பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மார்க்கோடு தேறினாள். அதே வருடம்தான் பல்கலைக்கழகம் இண்டரையே எடுத்துவிட்டது.

பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர்கள் கட்டுக்கட்டாகக் கடைக்கு வரும். அவை கீழே போவதற்கு முன் தங்கை ஒருமுறை புரட்டிவிடுவாள். புதுத் திட்டத்தைப் பற்றி எங்கள் வீட்டில் முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான்.

"முன்னாடி இண்டர் ரெண்டு, பி.ஏ. ரெண்டு அண்ணே. இப்ப ஒண்ணும் மூணும். எப்படிப் பாத்தாலும் நாலுதான்" என்றாள். "முதல் வருசத்துக்குப் பேர் மட்டும்தான் நல்லாயில்ல. புகுமுக வகுப்பாம். கல்யாணம் முடிஞ்ச பொண்ணு வலதுகால எடுத்து வச்சு வாரமாதிரி இருக்கு."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அதே அறிவிப்பில் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு செய்தி இருந்தது. பழைய இண்டரில் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில தேர்வுகள்தான் நடத்துவார்கள். அதற்குள் தேறாவிட்டால் புகுமுக வகுப்பில் புதிதாகச் சேர்ந்து எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இதையெல்லாம் கடையில் மூட்டை இறக்குகிறவர்களும் தெரிந்துகொண்டார்கள். அவர்களில் மூத்தவர் காசிமேட்டுக்காரர். சிறுவயதில் என்னைத் தோளில் உட்காரவைத்துக் கப்பல் பார்க்கக் கூட்டிப்போனவர். வாய் மட்டும் சும்மா இருக்காது. ஒரு நாள் காலையில் கருப்பட்டிச் சிப்பங்களை இறக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னா நைனா, பாப்பா பாஸாயிட்ச்சாமே! நீ இன்னும் அந்த இண்டருக்குள்ளயே வூடு கட்டிக்கினு கீற. அத்தயும் இப்ப இடிக்கப் போறாங்களாமே?"

"எனக்கு இன்னும் சான்ஸ் இருக்கு" என்றேன்.

"அதுவும் பூட்ச்சுன்னா? பாப்பா முன்னால போவும். நீ அது பட்ச்ச பொஸ்தவத்த வாங்கிக்கினு பின்னால போ. மொதலாளிக்கு எம்மாம் செலவு மிச்சம்!"

மூட்டை தூக்கிய அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பாவும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். அந்த மனிதரிடம் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. மறுநிமிடம் அதை மறந்து அடுத்த சிப்பத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் மறக்க முடியவில்லை. தங்கை கல்லூரிக்குப் போவதும், நான் மறுபடி தோற்பதும், அடுத்த வருடம் அவளுடைய கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அவளுக்கு ஒரு வகுப்புக் கீழே போய் உட்காருவதும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன. உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்வேன் என்பதை மட்டுமே அந்த நாட்களில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கிய சமயம். மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, இப்படி உக்காரு. இது என்ன புதுப் படிப்பு? உந்தங்கச்சி என்னமோ ஒண்ணும் மூணும்ங்கா. நீ காலேஜுக்குப் போனவன். நீ சொல்லு."

"ஒரு வருசம் பி.யூ.சி.ப்பா. பொறவு மூணு வருசம் பி.ஏ."

"அந்த ஒரு வருசத்தோட நிப்பாட்டினா?"

"அதுக்குன்னு தனியா மதிப்புக் கிடையாது. பி.ஏ.ல சேரத்தான் அது."

"ரெண்டு வருசத்தோட நிப்பாட்டினா?"

"அதுக்கும் ஒண்ணும் கிடையாது."

"அப்ப நாலு வருசம்லா ஆகுது. உங்க மாமாமார்கிட்ட ரெண்டுன்னுல்லா சொல்லி வச்சிருக்கேன்." அவர் கொஞ்ச நேரம் தராசுக் கல்லைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரி, நாலுன்னாலும் பாத்துக்கிடலாம். படிக்கிற பிள்ள. நீ என்ன சொல்லுத?"

அவர் சேர்க்கத் தயாராகத்தான் இருந்தார். நான் 'சேருங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே கிளம்பியிருப்பார்.

"இது முதல் வருசம்ப்பா. எங்க காலேஜ்ல வாத்தியார்களுக்கே ஒண்ணும் பிடிபடல. புஸ்தகம்கூட இன்னும் வரல. ஒரு வருசம் பொறுத்து, எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு அவளச் சேக்கலாம்" என்றேன்.

புதிய ஊர்ப் புளி எதையும் அப்பா முதல் வருடம் வாங்க மாட்டார். வேறு யாராவது வாங்கி விற்ற பிறகுதான் தொடுவார். அவரிடம் எந்தப் பேச்சு எடுபடும் என்று எனக்குத் தெரியும். "அதுஞ்சரிதான்" என்றார்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வாத்தியார்கள் குழம்பியது உண்மை. புத்தகம் வராததும் உண்மை. ஆனால் நான் இண்டர் தேறியிருந்தால் இதில் எதையும் சொல்லியிருக்க மாட்டேன். பல வருடங்களாக என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன்; வேறு பதில் வந்ததில்லை.

பொய்யை மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். தங்கை அங்கே நின்றிருந்தாள். "அப்பா ஏன் அண்ணே வேண்டாம்னுட்டாவ?" என்று கேட்டாள்.

"புதுசுல்லா, பயப்படுதாவ. நான் சொல்லிப் பாத்தேன்" என்றேன்.

அவள் அழவில்லை. மறுநாள் காலையில் என் ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "நீ செப்டம்பர்ல பாஸாயிட்டா அப்பாவுக்குக் காலேஜ் மேல இருக்கிற பயம் போயிரும். அடுத்த வருசம் என்னைய அனுப்புவாவ. படி" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் புத்தகத்தைப் பிரித்தேன்.

உரைநடைப் பாடங்களை அவள் சத்தமாக வாசித்து, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பாள். நான் எழுதிய கட்டுரைகளைத் திருத்துவாள். நான் குறுக்கே பேசினால், "இப்படித்தான் பரீட்சையிலயும் வளவளன்னு எழுதி வச்சியாக்கும்?" என்பாள். அவளுக்கே தெரியாத சொற்களுக்கு இரண்டு பேரும் அகராதியைப் புரட்டுவோம். அந்த செப்டம்பரில் தேறினேன். பேப்பரில் என் எண்ணை முதலில் பார்த்தவள் அவள். கீழே கடைக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னவளும் அவள்தான். மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் அப்பா காபியும் பக்கோடாவும் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு விஷயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று சொல்வதும் சரியில்லை. யோசித்துப் பார்க்க விரும்பவில்லை. எங்கள் ஆட்களில் ஒரு பெண் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தால், 'பிள்ள படிக்குது' என்று பெண் கேட்பவர்கள் காத்திருப்பார்கள். பள்ளி முடித்து வீட்டில் இருந்தால், பெண் தயாராக இருக்கிறாள் என்று அதற்குப் பொருள். யாரும் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. தை மாதம் பிறந்ததும் கேட்டு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த ஜூனில் நான் பி.ஏ. சேர்ந்தேன். அப்போது அப்பாவிடம் போய், "புதுத் திட்டம் நல்லாத்தான் நடக்குதாம்ப்பா. அவள இந்த வருசம் சேத்துருவோம்" என்றேன்.

"நானும் அதத்தாம்லே நெனச்சேன். ஆனா தூத்துக்குடியில உப்பு யாவாரி ஒருத்தர் கேட்டிருக்காரு. நல்ல இடம். பையன் தங்கமான பையன். வந்தத விட்டுட்டு, நாலு வருசம் கழிச்சு நாம எங்க போய்த் தேட?" என்றார். கட்டாயப்படுத்தும் குரல் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வந்து இறங்கிய காலை. கூடத்தில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தாம்பூலத் தட்டை எடுத்துவர உள்ளறைக்குப் போனேன். தங்கை அங்கே தனியாக இருந்தாள். தலையில் பூ வைத்து முடித்திருந்தார்கள்.

"எனக்காக நீ அப்பாகிட்ட ரெண்டு தடவ பேசிட்ட. நடக்கலேன்னா நீ என்ன செய்வ? அத நெனச்சு மனசக் கெடுத்துக்கிடாத அண்ணே" என்றாள்.

அந்த நன்றியை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. சொல்லிவிட்டேன். முதல் தடவை நான் அவளுக்காகப் பேசவில்லை என்பதையும், அப்பா அனுப்பத் தயாராக இருந்ததையும், தடுத்தது நான் என்பதையும், எதற்காக என்பதையும்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்காகவா? நான் உனக்கு முன்னால போயிருவேன்னா?" என்றாள். அவளுக்கு அது நம்பவே முடியாததாக இருந்தது. பிறகு, "இத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகும்? அப்பாகிட்டப் போய்ச் சொல்லு. இப்பவே போ" என்றாள்.

தட்டோடு கூடத்துக்கு வந்தேன். மாப்பிள்ளையின் அப்பா அப்போதுதான் கேட்டுக்கொண்டிருந்தார்: "மார்க்கெல்லாம் நல்லா எடுத்திருக்காளாமே அண்ணாச்சி. பிள்ளய மேல படிக்கவைக்கலியா?"

"புதுத் திட்டம் பாத்துக்கிடுங்க. வாத்தியார்களுக்கே இன்னும் பிடிபடலயாம்" என்றார் அப்பா. என் வார்த்தைகள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "அந்தத் தட்ட இப்படி வைலே" என்றார். நான் வைத்தேன்.

தங்கை தூத்துக்குடிக்குப் போனாள். நல்ல வீடு, நல்ல மனிதர்கள். அவள் வாழ்க்கை கெட்டுப்போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. அவள் அப்படிச் சொல்லவும் விடமாட்டாள். அவள் படிக்க வேண்டியதைப் படிக்கவில்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

நான் பட்டம் வாங்கியபோது கைக்குழந்தையோடு வந்திருந்தாள். வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியைப் போட்டுப் படம் எடுக்க அப்பா எங்கள் எல்லோரையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். அங்கி தோளில் நிற்காமல் வழுக்கியது. தங்கை ஒரு ஊக்கை எடுத்துக் குத்திவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திடீரென்று படக்காரரிடம், "எம்மவளும் இந்நேரம் இதப் போட்டிருக்கணும். நான்தான் அந்த வருசம் கொஞ்சம் யோசிச்சு நின்னுட்டேன்" என்றார். படக்காரர் தலையை ஆட்டினார். தங்கை ஊக்கைச் சரிசெய்யும் கையை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் கேமராவைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "என் விஷயம் போகட்டும். அப்பா அத தன் தப்புன்னு நெனச்சுக்கிட்டிருக்காவ. அத மட்டுமாவது அவங்ககிட்டேருந்து எடுத்துப் போடு அண்ணே."

அவள் ஊருக்குத் திரும்பிய மறுநாள் கடையில் போய்ச் சொன்னேன். அப்பா வத்தல் நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுப்பதை நிறுத்தவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டார்.

"அவகிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"உங்ககிட்டச் சொல்லச் சொன்னா."

"எப்ப? இப்ப வந்திருந்தாளே, அப்பவா?"

"இல்லப்பா. நிச்சயத்தன்னைக்கு. அவங்க கூடத்துல உக்காந்திருந்தப்ப."

அப்பாவின் கை தராசுத் தட்டின் மேல் நின்றது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவருக்குத் திட்ட வரவில்லை.

"அந்த மனுசன் அவர் வாயாலயே கேட்டாரேலே, மேல படிக்கவைக்கலியான்னு" என்றார். "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவ முடிக்கிறவரைக்கும் பொறுங்கன்னு நான் கேட்டிருப்பேனே. அவரு பொறுத்திருப்பாரே."