முதலில் இறங்குகிறவன்

வேலை செய்யும் இடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஏன் அண்ணன்’ என்றால்தான் தெரியும். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மற்ற மெக்கானிக்குகள் கோளாறு எங்கே என்று தேடிச் சரிசெய்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இவர் மட்டும் சரியாகிப்போன லிஃப்டின் முன்னால் நின்று, “சரி, ஆனா இது ஏன் இப்படிப் பண்ணிச்சு?” என்பார். கதவு ஏன் அந்த ஒரு மாடியில் மட்டும் மூடி மூடித் திறக்கிறது, மழை நாளில் மட்டும் கூண்டு ஏன் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது என்று விடை கிடைக்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணமான புதிதில் மனைவி, “என்னை ஏன் கட்டிக்கிட்டீங்கன்னாவது கண்டுபிடிச்சீங்களா?” என்று கேட்டாள். “பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. லிஃப்ட் ஓடும் குழியான ஷாஃப்டுக்குள் முதலில் இறங்குவது அவராகத்தான் இருக்கும். கூட வந்தவன் எவ்வளவு கைதேர்ந்தவனாக இருந்தாலும், “நீ வெளியவே நில்லு, நான் பாத்துட்டு வரேன்” என்று சொல்லிக்கொண்டே கால் உள்ளே போய்விடும். வருஷக்கணக்காக அந்தப் பழக்கத்துக்கு வரி கட்டிவந்த வலது முழங்கால், ஒருநாள் இனி என்னால் ஆகாது என்று படுத்துவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏணியை மறந்துடுங்க” என்றார். ஒரு வாரம் ஓய்வு.

மேனேஜரம்மா சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர். “பழைய சூப்பர்வைசர் மகன் வீட்டோட போறாரு. அந்த நாற்காலில நீங்க உக்காருங்க. யார் எந்தக் கட்டடத்துக்குப் போகணும், யார் உள்ள இறங்கணும்னு காலையில சொல்லணும், அவ்வளவுதான். வேண்டாம்னா ஸ்பேர் ரூம் இருக்கு. போல்ட்டு, பேரிங்கு, வயர். ஓய்வு முடிஞ்சு வரும்போது எதுன்னு சொல்லுங்க.”

ஸ்பேர் ரூம் அவருக்கு ஆகாது. தட்டில் கிடக்கிற போல்ட் எந்தத் தப்பும் செய்யாது. அதனிடம் ஏன் என்று கேட்க என்ன இருக்கிறது?

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளவெடுக்கும் மனைவி, வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டாள். “இதுல யோசிக்க என்னங்க இருக்கு? நாற்காலியப் பிடிங்க.”

“எனக்கு ஆள அனுப்ப வராதும்மா.”

“எப்படித் தெரியும்? இதுவரைக்கும் யாரையாவது அனுப்பியிருக்கீங்களா?”

“அனுப்பியிருக்கேன். ஒருத்தர்கூட உயிரோட திரும்பல.”

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டாள். “யாரை?”

“எங்க கணக்கு வாத்தியார.”

பிறகு சிரிக்காமல் கதையைச் சொன்னார். பள்ளிக்கூட நாட்களில், அப்பாவின் ஆபீஸில் வேண்டாம் என்று ஒதுக்கிய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. அதற்குள் யாரோ விட்டுப்போன ஒரு விளையாட்டு இருந்தது. வேற்றுக்கிரகத்து ஜந்துக்கள் பூமியைப் பிடிக்க வருகின்றன. நாம் ஒரு படையை விமானத்தில் ஏற்றி, அவை இறங்கிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். சதுரங்கம்போலத்தான். நம் ஆட்கள் எல்லோரையும் நகர்த்திவிட்டு, நம் முறை முடிந்தது என்று அமுக்கினால் திரை இருண்டுவிடும். அது அவர்கள் முறை. இருட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. சில சமயம் ஓர் அலறல் மட்டும் கேட்கும்.

ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் எண் இருந்தது. ஓர் அடி வைத்தால் அது குறையும், துப்பாக்கியைத் தூக்கினால் இன்னும் குறையும். எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த இங்கிலீஷ் வார்த்தை அவருக்கும் அக்காவுக்கும் விளங்கவில்லை. அக்காதான் அதற்கு ‘மூச்சு’ என்று பெயர் வைத்தாள். நாற்காலி அக்காவுக்கு, ஸ்டூல் தம்பிக்கு. அவள் சொல்வாள், இவர் அமுக்குவார். வீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்பதால் தெரிந்தவர்கள் எல்லோரும் படையில் சேர்ந்தார்கள். விமானத்துக் கதவு திறந்து முதலில் இறங்குகிறவன் மட்டும் தவறாமல் செத்தான். ஆகவே அந்த இடத்தைக் கணக்கு வாத்தியாருக்கு ஒதுக்கினாள் அக்கா. அவர் செத்தால் அடுத்து வருகிறவனுக்கும் அதே பெயர். மொத்தம் எத்தனை தடவை செத்தார் என்பதற்கு அந்த வாத்தியாராலேயே கணக்குச் சொல்ல முடியாது. அப்பாவைக் கடைசி சீட்டில் பத்திரமாக உட்காரவைத்திருந்தார்கள். அவர் ஒரு நாளும் கதவைத் தாண்டவில்லை. சேர்ந்த பதவியிலேயே இருந்தார். நிஜ ஆபீஸிலும் அவர் அப்படித்தான் இருந்தார்.

“செத்தா பழைய இடத்துலேர்ந்து திரும்ப ஆடலாமே?” என்றாள் மனைவி.

“அக்கா விடமாட்டா. போனவன் போனவன்தான்னு சட்டம் போட்டுட்டா.”

“சரி, முதல்ல இறங்கறவன் மட்டும் ஏன் செத்தான்?”

அவர் அவளையே பார்த்தார். வாழ்க்கையில் அவர் பாதியில் கைவிட்ட ஒரே ஏன் அதுதான். கதவு ராசி என்று அக்கா சொன்னதை நம்பிவிட்டு அப்படியே வளர்ந்துவிட்டார்.

“ஒரு வாரம் வீட்டுல சுவரைத்தானே பாக்கப்போறீங்க? அந்த விளையாட்டு இப்போ கிடைக்குமா பாருங்க” என்றாள்.

கிடைத்தது. அடிமாட்டு விலை. செங்கல் செங்கலாகப் படங்கள். பழைய இசை ஒலித்ததுமே அவருக்கு மெய் சிலிர்த்தது. அக்காவைக் கூப்பிட்டார். அவள் வேறொரு தேசத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி மணி அடிக்கும்வரை பஸ் அவளுக்குச் சொந்தம். ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“டேய், அந்தச் சனியன் இன்னும் உயிரோட இருக்கா?”

“இருக்குக்கா. வா, யாரை எங்க அனுப்பணும் சொல்லு.”

“நான் தினமும் பஸ்ஸு நிறைய அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தத் தடவை நீயே சொல்லு, நீயே அமுக்கு. நான் பக்கத்துல உக்காந்து திட்டறேன்.”

அவர் படைக்குப் பெயர் வைத்தார். லிஃப்ட் கம்பெனி ஆட்கள்தான்: வேலை செய்யும்போதெல்லாம் பாடுகிற ‘பாட்டுக்காரன்’, நெட்டையான ‘குட்டையன்’, எதற்கெடுத்தாலும் கொட்டாவி விடுகிற ‘பள்ளியெழுச்சி’. கதவருகே நின்றவனுக்கு ‘ஏன்’ என்று வைத்தார்.

“உன்னையே எதுக்குடா முன்னாடி நிறுத்தற?” என்றாள் அக்கா.

“வேற யாரை நிறுத்த?”

அக்கா திட்டவில்லை. ‘ஏன்’ விமானத்துக் கதவின் சரிவுப் பலகையில் இறங்கினான், வேலியோரம் வரை நடந்தான். இன்னும் கொஞ்சம் மூச்சு பாக்கி. ஓர் அடிக்குப் போதாது. “வீணாக்காதேடா” என்று அக்கா சொல்வதற்குள், இவர் விரல் பழைய வழக்கப்படி அவனை நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றவைத்து எண்ணைச் சைபருக்குக் கொண்டுவந்துவிட்டது. முறை முடிந்தது. இருட்டு. ஒரு பச்சை மின்னல். ‘ஏன்’ விழுந்தான்.

“பாத்தியா, ராசி!” என்றாள் அக்கா, ஏதோ ஜெயித்தவள்போல.

மறுநாளிலிருந்து அவர் லிஃப்டைப் பார்ப்பதுபோல அதைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது. இடப்பக்கம் இறக்கினார், செத்தான். வேறு துப்பாக்கி கொடுத்தார், செத்தான். புகைக்குண்டு போட்டு, புகைக்குள்ளேயே நடக்கவிட்டார். புகையைத் தாண்டிப் போய்ச் செத்தான். மனைவி வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம், “இன்னிக்கு எத்தனை ‘ஏன்’ போச்சு?” என்பாள். பாட்டுக்காரனை ஒரு தடவை முன்னால் நிறுத்திப் பார்த்தார். மவுஸை அமுக்க விரல் வரவில்லை. திரும்பவும் பின்னால் உட்காரவைத்துவிட்டு, நாற்காலி வேண்டாம் என்று மேனேஜரம்மாவிடம் எப்படிச் சொல்வது என யோசித்தார். ஸ்பேர் ரூமில் ஜன்னலாவது இருக்கிறதா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தார். இல்லை.

அடுத்த ஆட்டத்தின்போது அக்காவும் போனில் இருந்தாள். ‘ஏன்’ சரிவில் பாதி இறங்கியிருந்தபோது, அவள் பக்கத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது.

“அய்யோ, விட்டாச்சு! டேய், முடி முடி, என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போறேன்!”

அவசரத்தில் அமுக்கிவிட்டார். மற்றவர்கள் நகரவில்லை. ‘ஏன்’ நிறைய மூச்சு மிச்சத்தோடு சரிவிலேயே நின்றான். திரை இருண்டு, வெளுத்தது. கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு ஜந்து தலையை நீட்டியது. நீட்டியதும், ‘ஏன்’ துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டான். ஜந்து விழுந்தது.

அக்கா ஸ்டியரிங் மேல் குனிந்து போனை எட்டிப் பார்த்தாள்.

“நீயாடா சுட்டே?”

“இல்லக்கா. என் கை ரெண்டும் மடியில இருக்கு.”

“அவங்க முறைதானே இது? அப்போ யாரு சுட்டா?”

“அவனே.”

பஸ்ஸுக்குள் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறும் சத்தம் கேட்டது. “பெல்ட்டு போடு, கண்ணு! டேய், கண்டுபிடிச்சு வை, சாயந்தரம் கூப்பிடறேன்” என்று போனைக் கவிழ்த்தாள் அக்கா.

மனைவி கடையிலிருந்து திரும்பியபோது அவர் நொண்டிக் காலோடு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். “என்னங்க, புதையல் கிடைச்ச மாதிரி?”

“மூச்சு! மிச்சம் வெச்ச மூச்சுதான்மா. நம்ம முறையில முழுசையும் செலவு பண்ணிட்டா, அவங்க முறையில நம்ம ஆளு மரம் மாதிரி நிக்கறான். கொஞ்சம் மிச்சம் வெச்சா, அவனே பாத்து அவனே சுடறான். எல்லாத் தடவையும் படாது. ஆனா வெறுமனே நின்னு சாகமாட்டான். நாங்க ஒருத்தனுக்கும் ஒரு சொட்டு மிச்சம் விட்டதில்ல. மிஞ்சினா நின்ன இடத்துலயே பம்பரம் சுத்தவிட்டு அனுப்பினோம்.”

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பற்பசை டியூபக் கத்தரிச்சு வழிக்கிற குடும்பம். சோப்பு தேஞ்சா அடுத்த சோப்பு முதுகுல ஒட்டவைக்கிற குடும்பம். உங்க கையில மாட்டின வாத்தியார் எப்படிங்க பொழைப்பாரு?”

‘மிச்சம் வைக்காதே’ என்று அப்பா தட்டைப் பார்த்துச் சொல்லும் குரல் அவருக்குக் கேட்டது. சிரிப்பு அடங்கியதும் மனைவி அவர் முழங்காலைப் பார்த்தாள். சாயங்காலம் ஆனால், இன்னும் ஒரு லிஃப்டுதானே, முடித்துவிட்டே போகலாம் என்று ஏறிய ஏணிகள் எல்லாம் அவருக்கே ஞாபகம் வந்தன.

அக்கா கூப்பிட்டபோது அவளிடமும் சொன்னார். “அப்போ அத்தனை வாத்தியாரும் ராசியில போகலையா? என் வாயாலதான் போனாங்களா?”

“என் விரலாலயும்தான்.”

“பாவம்டா. நிஜத்துல தங்கமான மனுஷன்.”

ஓய்வு முடிந்து போனதும் மேனேஜரம்மா அறையில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகை முன்னால் நின்றார். ஆட்கள், கட்டடங்கள், நேரம். ஓரத்தில்கூட ஓர் எறும்பு நுழைய இடமில்லாமல் எழுதியிருந்தது.

“நாற்காலிக்கு வரேன் மேடம். ஆனா தினமும் ஒரு ஜோடிக்கு வேலையே எழுதமாட்டேன்.”

“சும்மா உக்கார வெச்சு அழகு பாக்கவா?”

“நம்ம முறை முடிஞ்சா அடுத்தது லிஃப்டோட முறை. ஆளு மாட்டிக்கிட்டான்னு அது கூப்பிடும். அப்போ கையில மூச்சு உள்ளவன் ரெண்டு பேரு வேணும். இப்போ என்ன பண்றோம்? எங்கேயோ ஒரு கூண்டு மேல நிக்கறவன அரைகுறையா இறக்கி ஓடவிடறோம்.”

மேனேஜரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “முழங்காலுக்குக் குடுத்த மருந்து தலைக்கு ஏறிடுச்சா?” என்றார். பிறகு டஸ்டரை எடுத்து, பலகையின் கீழ்வரியைத் தானே அழித்தார். “ஒரு மாசம். அதுக்குள்ள எவனாவது கேரம் ஆடி என் கண்ணுல பட்டான், உங்களை ஸ்பேர் ரூம்ல வெச்சுப் பூட்டுவேன்.”

முதல் நாள் ஒரு பழைய குடியிருப்பு. பாட்டுக்காரனை முன்னால் அனுப்பினார். சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கியது. கீழ்த்தளத்தில், திறந்துவைத்த லிஃப்ட் கதவோரம் நின்றுகொண்டார். கூண்டின் கூரையில் நின்று சுவரோர இரும்பு ரெயிலைத் துடைத்துக்கொண்டிருந்த பாட்டுக்காரனின் குரல் ஷாஃப்ட் வழியாக இறங்கி வந்தது. திடீரென்று பாட்டு நின்றது.

அவர் கால் தானாகவே படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அதை நிறுத்தினார். “என்னப்பா ஆச்சு?”

“சரணம் மறந்துபோச்சு அண்ணே!”

அவர் கைப்பிடியை விட்டார்.

“அண்ணே, இன்னும் ஒரு மாடிதான் பாக்கி. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரே மூச்சுல முடிச்சுடவா?”

“வேண்டாம். நிறுத்தற ஸ்விட்ச்சப் போட்டுட்டு வெளிய வா. மிச்சம் இருக்கட்டும்.”

இப்படி ஓர் உத்தரவை அந்தக் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. கூண்டின் கூரையிலிருந்து சந்தேகத்தோடு ஒரு குரல் வந்தது.

“ஏண்ணே?”

வேலை செய்யும் இடத்தில் அந்தக் கேள்வியை இன்னொருத்தர் கேட்டு அவர் கேட்டதே இல்லை. முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, படியில் வசதியாக உட்கார்ந்தார்.

“கீழ வா, சொல்றேன். எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தாரு...”