அருமைநாயகி அக்காவின் குருமடம்

“பிள்ளை குப்புறப் பிரண்டிட்டுதோ?” என்று கேட்டுவிட்டுத்தான் அருமைநாயகி அக்கா கள்ளை வார்ப்பார். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவை ஏந்திக்கொண்டு நிற்பவர் ‘ஓம்’ என்றால், “தன்ரை பாட்டிலை எழும்பி இருக்குதோ?” என்பது அடுத்த கேள்வி. அதற்கும் ‘ஓம்’ என்றால், “பிடிச்சுக்கொண்டு நிக்குதோ?” எந்த இடத்தில் ‘இல்லை’ வருகிறதோ அந்த இடத்தில் பிளா நிறையும்; ஆளும் பிடிபடுவார். குடித்து முடித்ததும் அவர் நேரே வீட்டுக்குப் போக முடியாது. பின்வளவுக் கொட்டிலுக்குள் பாய் விரித்திருக்கும். அங்கே படுத்து, வெறி முறிந்த பிறகுதான் படலை திறக்கும்.

குருநகரில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கும் அவருடைய வளவுக்கும் இடையில் நிற்பது ஒரு கிடுகுவேலி. அந்தப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. அக்கா இரகசியம் பேசினால் எங்கள் கிணற்றடிக்குக் கேட்கும். சாதாரணமாகப் பேசினால் கோயிலடிக்குக் கேட்கும்.

கட்டையான, தடித்த உருவம். சாயம் போன சீத்தைச் சட்டை, கழுத்தில் வியர்வையில் ஊறிக் கறுத்துப்போன மாதா உத்தரியம், ஒரு காதில் மட்டும் தோடு. மற்றத் தோடு பண்ணைக் கடலில் விழுந்து வெகு காலமாகிறது. “எந்த மீனோ போட்டுக்கொண்டு திரியுது” என்பார். ஆனாலும் பெரிய மீன் வெட்டும்போதெல்லாம் குடலை ஒரு தரம் பிதுக்கிப் பார்க்காமல் எறிவதில்லை.

கள்ளு விற்கிற வீட்டில் கள்ளு வாயில் வைக்காத ஒரே ஆள் அவருடைய கணவர் அடைக்கலநாதன் அண்ணை. பூவரச மரத்தின் கீழ் கிழிந்த வலையைக் காலில் மாட்டிப் பொத்திக்கொண்டு, வெறும் தேத்தண்ணீரைப் பனங்கட்டியோடு உறிஞ்சிக்கொண்டிருப்பார். புதிதாக வருகிறவர்கள் மரியாதைக்கு அவரிடமும் ஒரு பிளாவை நீட்டுவது உண்டு. “அவருக்கு ஒத்துவராது” என்று அக்கா அங்கிருந்தே சொல்லிவிடுவார். அண்ணை தலை நிமிரமாட்டார்.

கடலில் நேவிக்காரன் நிற்பதால் ஆழத்துக்குப் போக முடிவதில்லை. விடியப் போய்க் கரையோரமாக வலை வைத்துவிட்டு, ஒன்பது பத்து மணிக்கெல்லாம் ஆட்கள் திரும்பிவிடுகிறார்கள். உடம்பெல்லாம் உப்பு, கண்ணெல்லாம் நித்திரை. அந்தக் களைப்பின் மேல் இரண்டு பிளா இறங்கினால் எந்த வீரனும் சாய்ந்துவிடுவான். முற்பகல் முழுவதும் கொட்டிலிலிருந்து குறட்டை வந்துகொண்டிருக்கும். ஊரில் அந்தக் கொட்டிலுக்கு, பாதிரிமார் தங்கிப் படிக்கிற இடத்தைப் போலக் குருமடம் என்று பெயர். பெயர் வைத்தவர் சந்தியோகு அப்பு. பிள்ளைகள் எல்லாம் கலியாணம் கட்டிவிட்டதால் எந்தக் கேள்வியும் இல்லாமல் குடிக்கிற உரிமை பெற்றவர், வாயில் பல் இல்லாதவர். “பெண்சாதி பக்கத்திலை இல்லாமல் ஆம்பிளையள் வரிசையாய்ப் படுக்கிற இடத்துக்கு வேறை என்ன பேர்?” என்பது அவருடைய விளக்கம். புதிதாகத் தகப்பனான ஒருவன் வந்தால் எழுந்து நின்று, “உள்ளுக்கு எழுந்தருளுங்கோ சாமி” என்று கைகூப்புவார்.

அக்காவுக்கு மாதக் கணக்கு வராது. பிள்ளைகளின் வயதைத் திருநாள்களை வைத்துத்தான் சொல்வார். “உன்ரை மூத்தவள் யாகப்பர் பெருநாளுக்குப் பிறந்தவள். நத்தாருக்குப் பிரளுவாள். உயிர்த்த ஞாயிறுக்கு எழும்பிப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள். அதுக்குப் பிறகு நீ எங்கை வேணுமெண்டாலும் விழுந்து கிட.” பக்கத்து ஒழுங்கைகளில் பிறந்த பிள்ளைகளின் பெயர் அவருக்குப் பிடிபடாது, பெருநாள் பிடிபடும். பொய் சொல்லித் தப்பப் பார்த்தவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டது அதனால்தான்.

கொட்டிலை விட்டு வெளியே வருவதற்கும் ஒரு சோதனை உண்டு. முகம் கழுவி, இஞ்சித் தேத்தண்ணீர் குடித்துவிட்டு அடைக்கலநாதன் அண்ணைக்கு முன்னால் போய் இருக்க வேண்டும். அவர் பேசாமல் ஊசியையும் நூலையும் கையில் கொடுப்பார். கிழிந்த இடத்தில் ஒரு வரிசை கண் பின்ன வேண்டும். முடிச்சு இறுகி, கண்கள் ஒரே அளவில் வந்தால் அண்ணை தலையை ஆட்டுவார், அக்கா படலையைத் திறப்பார். ஒரு கண் பெருத்துவிட்டால் திரும்பவும் பாய். “உந்த வலையெல்லாம் எங்கடை கூலியில்லாத வேலையிலை பொத்தினது” என்று ஒருவன் முறைப்பட்டபோது அக்கா மறுக்கவில்லை. “ஓம், பின்னை சும்மா படுக்க விடுவனே?” என்றார்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு அவர் வைத்திருக்கிற பதில் ஒன்றுதான். “வெறிக்காறன்ரை கை, கடலிலை போட்ட நங்கூரம் மாதிரி. விழுந்த இடத்திலை கிடக்கும். கீழை என்ன கிடக்குதெண்டு அதுக்குத் தெரியாது.” அப்படியென்றால் கள்ளு விற்காமல் விடலாமே என்று கோயில் மாதர் சங்கத்து யசிந்தா ரீச்சர் ஒரு நாள் கேட்டார். அக்கா கோபிக்கவில்லை. “நான் விக்காட்டி அங்காலை போய்க் கசிப்பெல்லோ குடிப்பாங்கள், ரீச்சர். அங்கை ஆர் பாய் விரிக்கிறது?” ரீச்சர் யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு வீட்டில் கிடந்த பழைய பாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

லியோனுக்கு முதல் பிள்ளை. யாகப்பர் பெருநாளுக்குப் பிறந்த பெண். நல்ல பொடியன், முணுமுணுக்காமல் குருமடத்துக்குள் போய்ப் படுத்துவிடுவான். அன்றைக்கும் படுத்து நித்திரையாகிவிட்டான். சற்று நேரத்தில் படலையைத் தள்ளிக்கொண்டு அவன் மனைவி றோஸ் வந்து நின்றாள். நானும் றோஸும் ஒரு வகுப்பில் படித்தவர்கள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு உயர்ந்தது.

“அக்கா, அவரை எழுப்பிவிடுங்கோ.”

“இப்பதான் மோனை படுத்தவன். வெயில் சாயட்டும்.”

“ஏன், அவருக்கு வீடு இல்லையோ?”

“வீடு இருக்கு. வீட்டிலை பிள்ளையும் இருக்கு.”

“குழாயடியிலை சனம் என்ன கதைக்குதெண்டு தெரியுமே உங்களுக்கு? லியோன்ரை மனுசிக்குப் புருசனை வீட்டிலை வைச்சிருக்கத் தெரியாது, அதுதான் அவன் கள்ளுக்கொட்டில்லை கிடக்கிறான் எண்டு. நான் ஆற்றை முகத்திலை முழிக்கிறது?”

“பாய்தான் பிரச்சினை எண்டால் என்னட்டை ஒண்டு கிடக்கு, தங்கச்சி” என்றார் சந்தியோகு அப்பு.

“நீங்கள் பேசாமல் குடியுங்கோ, அப்பு” என்று அவருக்கு ஒரு வெட்டு வெட்டிவிட்டு, றோஸ் அக்காவின் பக்கம் திரும்பினாள். “என்ரை மனுசன் என்ரை வீட்டிலை படுக்கிறதை மறிக்க நீங்கள் ஆர்?”

அக்கா கொட்டில் பக்கமாகக் கையைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். லியோன் அரைக்கண் விழித்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அலையில் ஆடுகிற வள்ளத்துக்குள் நடப்பவன் போல ஒழுங்கையில் இறங்கிப் போனான். யாரோ சிரித்தார்கள்.

அடுத்தவருக்கு வார்க்கும்போது அக்கா கேள்வி கேட்க மறந்தார். பிளா நிறைந்து வழிந்து, அந்த ஆளின் சாரம் நனைந்து, அவர் “அக்கா, அக்கா” என்ற பிறகுதான் கள்ளு முட்டி நிமிர்ந்தது. அதை அப்படியே கொண்டுபோய்ச் சந்தியோகு அப்புவின் மடியில் வைத்தார். “இதைப் பாத்துக்கொள்ளுங்கோ.” பிறகு நான் நின்ற வேலியடிக்கு வந்தார். “பிள்ளை, உன்னோடை படிச்சவள்தானே உவள். ஒருக்கா என்னோடை வா. நான் சொன்னால் சண்டை எண்டு நினைப்பாள்.”

அவருடைய வேகத்துக்கு நான் பாதி ஓட வேண்டியிருந்தது.

றோஸ் வீட்டு முற்றத்துக் கல்லில் பிள்ளையின் துணிகளைக் கும்மிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள்.

“பிள்ளை எங்கை, றோஸ்?” என்று நான் கேட்டேன்.

“உள்ளுக்கு. அவர் படுத்திட்டார். பக்கத்திலை கிடத்திப்போட்டு வந்தனான். தகப்பன்ரை சூட்டுக்கு நல்லா நித்திரை கொள்ளும்.” எங்கள் பக்கத்துத் தாய்மார் எல்லோரும் சொல்கிற வார்த்தை இது. கடலால் வந்து படுக்கிற தகப்பனுக்குப் பக்கத்தில் பிள்ளையைக் கிடத்திவிட்டால் பிள்ளைக்குக் காவலும் ஆயிற்று, தாய்க்கு வேலையும் ஓடிற்று.

“சேலையிலை ஏணை கட்டேல்லையோ?” என்றேன்.

“ஞானஸ்நானம் குடுக்கமுன்னம் ஏணையிலை போடக்கூடாதெண்டு மாமி மறிச்சுப்போட்டா.”

அக்கா அதுவரை நிற்கவில்லை. செருப்போடு உள்ளே போய்விட்டார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

லியோன் சுவர்ப்பக்கம் பார்த்துச் சரிந்து கிடந்தான். அவனுக்கும் சுவருக்கும் நடுவில் பிள்ளை. அவனுடைய கையும் நெஞ்சும் மூடியது போக, இரண்டு சின்னப் பாதங்கள்தான் வெளியே தெரிந்தன. அவை அசையவில்லை. அக்கா அந்தக் கையைத் தூக்கி அப்பால் எறிந்தார். அது பொத்தென்று விழுந்தது. பிள்ளையை வாரி எடுத்தார். முகம் கருஞ்சிவப்பாய், தலைமயிர் வியர்வையில் ஒட்டிப்போய் இருந்தது. சத்தம் இல்லை. அக்கா உள்ளங்காலில் சுண்டினார். இன்னொரு தரம் சுண்டினார். பிறகு, வீடு அதிரப் பிள்ளை அழுதது.

லியோன் “ஆரடா அது” என்று முனகிவிட்டு மறுபக்கம் புரண்டான். ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மற்றக் கையால் பாயின் தலைப்பைப் பிடித்தார் அக்கா. அவனைப் பாயோடு விறாந்தைக்கு இழுத்தார். வாசற்படியில் அவன் தலை தட்டியது. அவன் குறட்டை நிற்கவில்லை. சிரிப்பு வரக்கூடிய காட்சிதான். எங்களுக்கு வரவில்லை.

றோஸ் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சவர்க்கார நுரை கையிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. அக்கா அவளைப் பார்த்துப் பேசவில்லை. பிள்ளையைப் பார்த்துத்தான் பேசினார். குரல் எங்கள் கிணற்றடிக்குக் கூடக் கேட்டிராது.

“என்ரை மூத்தவனை நானும் இப்பிடித்தான் கிடத்திப்போட்டுத் தண்ணி அள்ளப் போனனான். தகப்பன்ரை சூட்டிலை கிடக்கட்டும் எண்டு. காத்துப் பட்டுதெண்டிச்சினம். பேய் அடிச்சதெண்டிச்சினம். நானும் ஓமெண்டனான்.” பிள்ளையின் நெற்றியில் ஒட்டிய மயிரை ஒதுக்கினார். “நான் வரேக்கை அந்த மனுசன் எழும்பி இருந்து, பிள்ளை இன்னும் நித்திரையோ எண்டு என்னட்டைக் கேட்டார்.”

றோஸ் ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். “தாங்கோ அக்கா” என்றாள்.

அக்கா கொடுக்கத்தான் போனார். பிள்ளை கால்களை உதைத்து, வாயை முழுதாகத் திறந்து, அந்த ஒழுங்கைக்கே கேட்கும்படி வீரிட்டுக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் அவர் தன் சுட்டுவிரலை அதன் மூக்கடியில் பிடித்தபடியே நின்றார், மூச்சு வருகிறதா என்று.