அணுவா சூரியனா, அதற்குள் கரண்ட் போச்சு

இன்று காலை ஜார்ஜ்டவுனில், தேநீரை இழுத்து ஆற்றித் தரும் வழக்கமான தே தாரிக் கடை. என் மேசையில் பெரிய சண்டை.

"அணு உலை வந்தாத்தான் கரண்ட் நிக்காது லா" என்றார் மணியம் அண்ணன்.

"எதுக்கு? என் வீட்டுக் கூரையில சோலார் இருக்கு" என்றார் காதர் அண்ணன்.

சொல்லி முடிக்கவில்லை, கடை விசிறி நின்றது. வட்டாரம் முழுக்கக் கரண்ட் இல்லை.

காதர் அண்ணன் துள்ளி எழுந்தார். "பக்கத்துத் தெருதான், எல்லாரும் வாங்க! ஏர்கோன் போட்டு உட்காருவோம்."

அதற்குள் அவர் மனைவி போன் செய்தார். "இங்கயும் கரண்ட் இல்லீங்க!"

பேட்டரி இல்லாத சோலார், ஊர்க் கரண்ட் போனால் தானும் நின்றுவிடுமாம்.

மணியம் அண்ணன் சிரித்ததில் தே மூக்கில் ஏறியது.

"சிரிக்காத லா. உன் அணு உலை எங்க? கொண்டா, விசிறி சுத்தட்டும்!" என்று காதர் அண்ணனும் சிரித்தார்.

கரண்ட் வரும்வரை இருவரும் மெனு அட்டையால் மாறி மாறி விசிறிக்கொண்டார்கள்.

என் ஓட்டு அந்த அட்டைக்கு. உங்கள் ஓட்டு?