உள் டயர்

லாரிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, கையை எட்டினமட்டும் நீட்டி, இரட்டை டயரில் உள்ளே மறைந்திருப்பதை ஒரு தட்டுத் தட்டுகிறார். ‘டொக்.’ தலையைச் சாய்த்துக் கேட்கிறார். திருப்தி இல்லை போலிருக்கிறது. இன்னொரு தட்டு. ‘டொக்.’ இப்போது தலை ஆடுகிறது. முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த டயருக்கு நகர்கிறார். லாரிக்குப் பத்து டயர். பத்தையும் தட்டாமல் அவர் வண்டி கேட்டைத் தாண்டியதே கிடையாது. மழை கொட்டினாலும் சரி, பின்னால் நிற்கிற வண்டிக்காரர் “அக்கா, உங்களுக்கே நியாயமா? கிளம்புங்கக்கா!” என்று கத்தினாலும் சரி, அந்தக் கை நிற்காது. பத்தொன்பது வருடப் பழக்கம்.

கையில் இருப்பது ஒரு மண்வெட்டிக் காம்பு. முழங்கை நீளத்துக்கு அறுத்து, பிடிக்கிற பக்கம் பழைய டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறார். காற்று சரியாக இருந்தால் ‘டொக்’, இறங்கியிருந்தால் ‘பொத்’. அவ்வளவுதான் வித்தை. இந்தச் சத்தத்தை வைத்துத்தான் சரக்குக் கம்பெனி முழுக்க அவரை டொக்டொக் அக்கா என்று கூப்பிடுகிறார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஆள் குட்டை. லாரி சீட்டோ, ஆறடி ஆளுக்கென்று செய்தது. அதனால் முதுகுக்குப் பின்னால் நாலாக மடித்த போர்வை ஒன்று எப்போதும் இருக்கும். கண்ணாடிக்கு மேலே உள்ள வெயில் தடுப்பில் வரிசையாகக் கொண்டை ஊசிகள். வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. ஹாரன் அடிப்பது மட்டும் அறவே பிடிக்காது. “பிரேக் மேல நம்பிக்கை இல்லாதவங்கதான் அதைப் போட்டு அமுக்குவாங்க” என்பார். வண்டியில் ஏதாவது கோளாறு தெரிந்தால் முதல் வேலையாகச் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்வார். மெக்கானிக்கைக் கூப்பிடுவதெல்லாம் அப்புறம். “சாவி கிடந்தா எவனாவது, கொஞ்ச தூரம்தானேன்னு கிளப்பிடுவான். அந்தக் கொஞ்ச தூரம்தான் ஆளைக் கொல்லும்.”

இப்படிப்பட்டவரைப் பிடித்துத்தான் போன மாதம் மேனேஜர், “சூப்பர்வைசரா வந்துடுங்கம்மா” என்றார். பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெறப் போகிறார். காலை ஷிஃப்டில் பதினாலு வண்டிகளை அனுப்பிவைக்கிற வேலை. வெயில் இல்லை, மேடு பள்ளம் இல்லை, சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். ஆனால் லாரியை விட்டுவிட வேண்டும். “ரெண்டு வேலையும் சேத்துப் பாக்க முடியாதும்மா. ஒரு வாரம் அவர்கூட ஆபீஸ்ல உக்காந்து பாருங்க. வெள்ளிக்கிழமை முடிவைச் சொல்லுங்க.”

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். கணவர் தையல்காரர், மெஷினை நிறுத்தாமலே பேசுவார். “போயேன். பத்தொன்பது வருஷமா நீ எங்கே இருக்கே, எங்கே இருக்கேன்னு கேட்டுக் கேட்டே எனக்கு வாய் வலிக்குது.” காலேஜுக்குப் போகிற மகளுக்கு வேறு கவலை.

“அம்மா, ஆபீஸ்ல ஏசி இருக்கா?”

“இருக்கு.”

“அப்போ யோசிக்கவே வேணாம்.”

“ஓடாது.”

கணவர் மெஷினை நிறுத்தினார். அவர் மெஷினை நிறுத்தினால் விளையாட்டில்லை என்று அர்த்தம். “உனக்கு மனசில்லையா?”

“இல்லீங்க. வேணாம்னுதான் சொல்லப் போறேன். கீழே நின்னா ஆளாளுக்குத் தள்ளி நில்லு, ஓரமா நில்லுங்கறான். மேலே ஏறி உக்காந்துட்டா ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். அந்த ஒரு இடத்தையும் நானே விட்டுக் குடுக்கணுமா?”

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஆக, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் அந்த ஒரு வாரத்துக்கு ஆபீஸில் போய் உட்கார்ந்தார். அவருடைய லாரியை அந்த வாரம் மட்டும் ஓட்டச் சொல்லி வேறொருவரிடம் கொடுத்தார்கள். புதிதாகக் கல்யாணமானவர் என்பதால் எல்லோரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற டிரைவர். அக்கா சாவியைக் கொடுத்த விதத்தைப் பார்த்தவர்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவள்கூட இவ்வளவு புத்தி சொல்லமாட்டாள் என்று சிரித்தார்கள்.

ஆபீஸ் என்பது கேட்டை ஒட்டிய ஒரு கண்ணாடி அறை. சுழல் நாற்காலி ஒன்று, அசைந்தால் கத்தும். பழைய சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். யாரையும் கடிந்து பேசியதில்லை. தினம் காலையில் பதினாலு தாள்களை மேஜையில் பரப்பிவைப்பார். ஒரு வண்டிக்கு ஒரு தாள். அதில் டயர், பிரேக், விளக்கு, கயிறு என்று இருபத்திரண்டு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு டிக் போட வேண்டும். முதல் நாளே அக்காவுக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தார். பேனாவை முதல் கட்டத்தில் வைத்து, ஒரே இழுப்பு. கோடு இருபத்திரண்டாவது கட்டத்தில் போய் நின்றது. “பாத்தீங்களா? பதினாலும் ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சிரும்.”

“வண்டியைப் பாத்துட்டுத்தானே சார் போடணும்?”

“பாக்கறதுக்கு டிரைவர் இருக்காரே!”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கோடு போட்ட தாளை அவரும்தானே பத்தொன்பது வருடமாகச் சீட்டில் இருந்து எடுத்து மடித்துச் சொருகியிருக்கிறார்! மற்ற டிரைவர்களும் தாளைப் பார்ப்பார்கள். அதான் ஆபீஸில் பார்த்துவிட்டார்களே என்று ஏறிக் கிளம்புவார்கள். ஆபீஸில் இவர், டிரைவர் பார்த்திருப்பார் என்று கோடு இழுப்பார். நடுவில் வண்டியைப் பார்த்தவர் யார்? அந்தச் சிரிப்பு அத்தோடு நின்றுபோனது.

வியாழக்கிழமை பழைய தாள்களைக் கட்டிப் பரணில் போடச் சொன்னார்கள். அக்கா நாலு வருடத்துக்கு முந்தைய கட்டு ஒன்றைப் பிரித்தார். ஒரு தேதியைத் தேடினார்.

அந்தத் தேதியில் அவருக்கு முன்னால் ஒரு லாரி மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு என்று பட்டப்பெயர் வாங்கிய டிரைவர் ஓட்டியது. பின்பக்கத்தில் ஓர் உள் டயரில் காற்று இல்லை. வெளியே இருந்த டயர் கும்மென்று இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு டயரின் பாரத்தையும் ஒன்றே சுமந்து, சுமந்து, சூடேறி, ஒரு வளைவில் வெடித்தது. அக்கா பின்னால் இருந்து அத்தனையும் பார்த்தார். லாரி தடுப்புச் சுவரில் மோதி நின்றது. ஆள் பிழைத்தார். இடது கால் அதன்பிறகு மடங்கவே இல்லை. இப்போது ஒரு ஃபோன் கடையில் உட்கார்ந்து ரீசார்ஜ் செய்துகொடுக்கிறார். இன்னமும் சிரிக்கத்தான் செய்கிறார். அதைத்தான் அக்காவால் தாங்க முடிவதில்லை.

தாள் கிடைத்தது. இருபத்திரண்டு கட்டம், ஒரே கோடு. அதற்கு அடுத்து இருந்தது அக்காவின் தாள். அதிலும் அதே கோடு. அன்று காலை இரண்டு லாரிகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றன. அக்கா தன் பத்து டயரையும் தட்டினார். நாலு அடி தள்ளி நின்றதைத் தட்டவில்லை.

பழைய சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். தேதியைக் கண்டதும் முகம் செத்துப்போனது. “எல்லாருக்கும் போடற மாதிரிதாம்மா போட்டேன்” என்றார். அக்கா அவரைத் திட்டவில்லை. திட்டுகிற யோக்கியதை தனக்கும் இல்லை என்று அப்போது தோன்றியதாகப் பிறகு கணவரிடம் சொன்னார். “என் வண்டி நல்லாத்தானே இருக்குன்னு போயிட்டேங்க. பத்தொன்பது வருஷமும் அப்படித்தான் போயிருக்கேன்.”

வெள்ளிக்கிழமை மேனேஜர் முன்னால் போய் நின்றார். வாயில் கிராம்பு இல்லை. “சார், சூப்பர்வைசர் வேலைக்கு வரேன்.”

“ரொம்ப சந்தோஷம்மா!”

“முழுசாக் கேட்டுட்டு சந்தோஷப்படுங்க. அந்த ஒரே கோடு இனிமே கிடையாது. தட்டிப் பாத்த வண்டிக்குத்தான் டிக். ஒரு வண்டி போகக் கூடாதுன்னு நான் சொன்னா அது போகாது. நீங்க ஃபோன் பண்ணாலும் போகாது.”

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். “பதினாலு வண்டிம்மா. ஒவ்வொண்ணா டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்தா மத்தியானம்தான் கேட்டைத் திறக்கணும்.”

“நான் ஒருத்தி எதுக்குத் தட்டணும்? பதினாலு பேர் இருக்காங்களே. அவங்கவங்க வண்டியை இல்ல, பக்கத்து வண்டியை. ஒரு வண்டிக்கு நாலு நிமிஷம். நேத்து மணி வெச்சுப் பாத்துட்டேன்.”

“அது ஏன் பக்கத்து வண்டி?”

“தன் வண்டின்னா கிளம்பற அவசரத்துல, எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு மனசு சொல்லிடும் சார். அடுத்தவன் வண்டின்னாதான் காது ஒழுங்கா கேக்கும்.”

மேனேஜர் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அரைமனதுதான். அக்காவுக்கு அது போதும்.

அன்று சாயங்காலம் லாரியில் ஏறிக் கொண்டை ஊசிகளை எல்லாம் எடுத்துக்கொண்டார். போர்வையை எடுக்கக் கை வரவில்லை. அழுதாரா என்றால், அழுதார். கொஞ்ச நேரம். பிறகு இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு தச்சரிடம் போய், மண்வெட்டிக் காம்பு பதின்மூன்று வேண்டும் என்றார். அவர் தோட்டமா போடப் போறீங்க என்று கேட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை யார்டு முழுக்க ஒரே டொக் டொக். டிரைவர்கள் கேலி செய்துகொண்டேதான் தட்டினார்கள். “டேய், என் டயரைத் தட்டச் சொன்னா என் காலைத் தட்டறியே!” என்று ஒரு குரல். “உங்க வண்டியை விட அதுதாண்ணே வீக்கா இருக்கு” என்று பதில். அக்கா ஒவ்வொரு தாளிலும் கட்டம் கட்டமாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். பதின்மூன்று முடிந்தது. கடைசியாக நின்றது அவருடைய லாரி. மலைக்கு அந்தப் பக்கம் போகிற அவசர லோடு. மாப்பிள்ளை ஏற்கெனவே என்ஜினைக் கிளப்பிவிட்டு, தாளுக்காகக் கீழே நின்றார்.

“இதைத் தட்டினது யாரு?”

பக்கத்து வண்டி டிரைவர் தலையைச் சொறிந்தார். “இது உங்க வண்டியாச்சேக்கா! டொக்டொக் அக்கா வண்டியை யாராவது தட்டிப் பாப்பாங்களா? அதுல என்ன குறை இருக்கப் போகுது?”

போன வாரம் முழுக்க இந்த வண்டியை யாருமே தட்டவில்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆபீஸில் இருந்துகொண்டு அவரே அதை நினைக்கவில்லை. “காம்பைக் குடு” என்று வாங்கி, லாரிக்கு அடியில் புகுந்தார்.

டொக். டொக். டொக். இடது பக்கம், பின்னால், உள்ளே.

பொத்.

அறைக்குள் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. மேனேஜராகத்தான் இருக்கும். அவசர லோடு இன்னும் ஏன் கேட்டைத் தாண்டவில்லை என்று கேட்பார். மாப்பிள்ளை குனிந்து, “அக்கா, வெளி டயர் நல்லா கல்லாட்டம் இருக்கு. மலை வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போய் அங்கே மாத்திக்கறேன். கொஞ்ச தூரம்தானே” என்றார். ஃபோன் ஓய்ந்து, மறுபடி அடித்தது.

அக்கா வெளியே வந்தார். கைப்பிடியைப் பற்றிப் படியில் ஏறினார். கதவைத் திறந்தார். நாலாக மடித்த போர்வை அங்கேயே இருந்தது. சீட்டில் உட்காரவில்லை. படியில் நின்றபடியே எட்டி என்ஜினை அணைத்துச் சாவியை உருவினார். இறங்கினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.